மூன்று புள்ளிகளுக்கு நடுவில் அம்மா

நான் போட்ட முதல் வரைபடத்தில் எங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுன் ஆர்க்டிக் கடலில் மிதந்தது. மிகைப்படுத்தவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் பத்து மேன்ஹோல்களின் இருப்பிடத்தைக் கைபேசியில் குறித்துக்கொண்டு வரப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நானும் தெருவே வேடிக்கை பார்க்க, ஒவ்வொரு மூடியின் மேலும் ஏறி நின்று குறித்துக்கொண்டு போய்க் கணினியில் ஏற்றினேன். திரையில் ஒன்றும் இல்லை. பெங்களூரைச் சல்லடை போட்டுத் தேடினேன். கர்நாடகம் முழுக்கத் தேடினேன். கடைசியில் பயிற்சி கொடுக்கிற மேடம் வந்து வரைபடத்தை வடக்கே வடக்கே என்று தள்ளிக்கொண்டு போனார். ஐரோப்பா போயிற்று, நார்வேயும் போயிற்று. வட துருவத்துக்குக் கொஞ்சம் கீழே, நீலக் கடலில், என் பத்து மேன்ஹோல்களும் வரிசை கலையாமல் நின்றன.

“சார், உங்க ஏரியால குளிர் ஜாஸ்தியோ?” என்றார் மேடம்.

அட்சரேகை இருக்க வேண்டிய கட்டத்தில் தீர்க்கரேகையையும், தீர்க்கரேகை இருக்க வேண்டிய கட்டத்தில் அட்சரேகையையும் போட்டிருந்தேன். செய்த குற்றம் அவ்வளவுதான். இந்த மென்பொருளுக்கு இங்கிதம் கிடையாது. ‘ஐயா, நீங்கள் பெங்களூர்க்காரர் ஆயிற்றே, அங்கே உங்களுக்கு என்ன வேலை?’ என்று ஒரு வார்த்தை கேட்காது. சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு எதற்கு இந்த வம்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பூமிக்கு அடியில் கேபிளும் குழாயும் பதிக்கிற ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷமாக ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எந்த வால்வு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, இனிமேல் பதித்ததை எல்லாம் டிஜிட்டல் வரைபடத்தில் ஏற்றப்போகிறோம், நீங்கள் அந்தப் பிரிவுக்குப் போங்கள் என்றார். சனிக்கிழமை தோறும் பயிற்சி, மூன்று மாதம். மேடத்துக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் சினிமா பார்த்தே தமிழ் கற்றவர். திட்டுவதென்றால் நன்றாகத் திட்டுவார். ‘சார்’ மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்வார்.

இரண்டாவது வாரம் ஆஸ்டின் டவுன் ஊர் திரும்பியது. மூன்றாவது வாரம் நகரத்தின் வார்டுகளுக்கு வண்ணம் பூசி மேலே போட்டேன். மேன்ஹோல்கள் மறுபடியும் மாயம். எனக்குக் கோபம் வந்தால் மவுஸை மேசையில் தட்டுவேன். தட்டினேன். மேடம் வந்து இடப்பக்கப் பட்டியலில் இருந்த வார்டு லேயரை, அதாவது வார்டு அடுக்கை, பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். அடியில் கிடந்த பத்துப் புள்ளிகளும் எழுந்து வந்தன.

“எதுவும் டிலீட் ஆகல சார். மேல இருக்கிறது கீழ இருக்கிறத மறைக்குது. அஷ்டே, அவ்ளோதான். பாவம், மவுஸ் என்ன பண்ணுச்சு?”

ஒரு மாதத்தில் எனக்கு அது பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் தலைகால் புரியவில்லை. எதைப் பார்த்தாலும் புள்ளி, கோடு, பரப்பு. பால் வாங்கப் போனாலும் எங்கள் வீட்டிலிருந்து ஐந்நூறு மீட்டர் வட்டத்துக்குள் எத்தனை பால் கடை என்று எண்ணினேன். சாப்பிடும்போது உப்பைக் கேட்டால் என் மனைவி, “எந்த லேயர்ல கீதுன்னு பாத்து எடுத்துக்கோங்க” என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து, கோலார் தங்கவயல் கேஜிஎஃப்பிலிருந்து, அம்மா போன் செய்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். அம்மா சுரங்கத்து ஆஸ்பத்திரியில், வார்டு வாசலில். உள்ளே போகிறவர்களுக்குப் பாஸ் கொடுப்பதும், வந்த நேரம், போன நேரம், என்ன காரணம் என்று பெரிய நோட்டில் எழுதி வைப்பதும் அவள் வேலை. டாக்டரின் மாமனாராக இருந்தாலும் அம்மாவைக் கேட்காமல் உள்ளே போக முடியாது. சுரங்கம் மூடி, ஆஸ்பத்திரியும் மூடி, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகும் அம்மா அந்தப் பழக்கத்தை விடவில்லை. வீட்டு வாசலில் ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் ஆணியில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு நோட்டு. கறிவேப்பிலை கேட்டு வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதில் ஒரு வரி உண்டு. வந்த நேரம் 4.10. போன நேரம் 4.25. காரணம்: கறிவேப்பிலை. சொந்தப் பிள்ளைகளானாலும் விலக்கு இல்லை.

“இத பாருடா, நான் பெங்களூர் வந்துடறேன்” என்றாள் அம்மா. “ஆனா யார் வூட்லயும் இருக்க மாட்டேன். எனக்குன்னு ஒரு சின்ன வூடு வாடகைக்குப் பாருங்க. எங்கன்னு நீங்க மூணு பேரும் பேசிச் சொல்லுங்க. சண்ட கிண்ட போட்டீங்க, நான் இங்கயே கெடந்துடுவேன்.”

கடைசி வாக்கியம்தான் பயமுறுத்தியது. அம்மா இருந்த வரிசையில் பன்னிரண்டு வீடுகள். அதில் ஒன்பதுக்குப் பூட்டு. எல்லாரும் பெங்களூர் வந்தாயிற்று. அதுவும் தவிர, மழைக்காலத்தில் ஒரு நாள் அம்மா குளியலறைப் படியில் வழுக்கி விழுந்திருந்தாள். கணுக்கால் வீங்கி, எழ முடியாமல் உட்கார்ந்திருந்தவளைச் சிலிண்டர் கொண்டுவந்தவர்தான் பார்த்து, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, அக்காவுக்குப் போன் போட்டார். அன்று சாயங்காலம் வழக்கம்போல் நானும் பேசினேன். அம்மா என்னிடம் மூச்சு விடவில்லை; மறுநாள் அக்கா சொல்லித்தான் தெரிந்தது. இனியும் அவளை அங்கே தனியாக விட முடியாது என்பதில் எங்கள் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

அக்கா தெற்கே, ஓசூர் எல்லைப் பக்கம் அத்திபெலேயில் இருக்கிறாள். தையல் கடை வைத்திருக்கிறாள். ஓசூரிலிருந்தெல்லாம் ரவிக்கை தைக்க வருவார்கள். அண்ணன் வடக்கே மல்லேஸ்வரத்தில், பேங்க் ஆபீசர். நான் நடுவில், ஆஸ்டின் டவுன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போர் மூண்டது.

“எங்க ஏரியால பார்க் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, மெட்ரோ இருக்கு. காலையில நடந்து போனா நல்ல காபி” என்று அண்ணன் எழுதினான்.

“காபிக்கா அம்மாவக் கூட்டினு வரோம்? எங்க பக்கத்துல வூடு பெருசு, காத்து வரும். கடையில வந்து என்கூட ஒக்காந்துக்கும்” என்று அக்கா குரல் செய்தி அனுப்பினாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம்.

“அத்திபெலே பெங்களூரே இல்ல” என்றான் அண்ணன்.

இதற்கு அக்கா அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

நான் குறுக்கே புகுந்தேன். உணர்ச்சிவசப்படாதீர்கள், இதற்கெல்லாம் விஞ்ஞானம் இருக்கிறது, மூன்று வீட்டுக்கும் நடுவில் சரியான இடம் எது என்று என் மென்பொருள் சொல்லிவிடும் என்று எழுதினேன். இருவரும் சரி என்று கட்டை விரல் குறி போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சமதூரம் என்பது எனக்கு வசதியாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே தூரம் என்றால் யாரும் யாரையும் ஒரு சொல் சொல்ல முடியாது. என்னையும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை வகுப்பில் மேன்ஹோலை ஓரம் கட்டிவிட்டு மூன்று வீடுகளையும் புள்ளிகளாக வைத்தேன். அட்சம், தீர்க்கம் இரண்டையும் மூன்று முறை சரிபார்த்தேன். மையம் கண்டுபிடி என்று ஒரு கட்டளை இருக்கிறது. சொடுக்கினால் நொடியில் நடுப்புள்ளி வந்து விழும். விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி. புள்ளி தண்ணீரில் நின்றது.

படத்தைக் குழுவில் போட்டேன்.

“அம்மாவுக்கு வூடு பாக்கறதா, படகு பாக்கறதா?” என்று அண்ணன் கேட்டான்.

மேடம் எட்டிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். மேன்ஹோலைவிட இது அவருக்குச் சுவாரசியமாக இருந்திருக்க வேண்டும்.

“சார், நீங்க காக்காவா? நேர்கோட்டுல பறந்தா போவீங்க? ரோடு வழியா எவ்ளோ நேரம்னு பாருங்க.”

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மணி நேரத்தில் எதுவரை போக முடியும் என்று மூன்று பரப்புகள் வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சாலை காலி என்றெல்லாம் ஏமாற்றாமல், சாதாரண வார நாள் நெரிசலில். அக்காவுக்குச் சிவப்பு, அண்ணனுக்கு நீலம், எனக்குப் பச்சை. மூன்றும் கைகால் நீட்டிக்கொண்டு படர்ந்தன. எங்கேயாவது மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அதுதான் அம்மாவின் இடம். விழுந்தது, ஒரு நகக்கண் அளவுக்கு. பெரிதாக்கினேன். சில்க் போர்டு சிக்னல்.

வகுப்பில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். பெங்களூரில் இருப்பவர்கள் ஆயுளில் பாதியை அந்தச் சிக்னலில்தான் கழிக்கிறார்கள். அங்கேயே வீடு எடுத்தால் மிச்சம் பாதியும் கழியும். குழுவில் அக்கா, “மேம்பாலத்துக்கு அடியில எடம் கீது, டென்ட் அடிச்சிடலாமா?” என்று அனுப்பினாள்.

“சார், ஒரு தப்பு பண்றீங்க” என்றார் மேடம். “மூணு புள்ளியும் சமம்னு வெச்சிட்டீங்க. சமமா? யார் ஜாஸ்தி போறாங்களோ அவங்க புள்ளிக்கு வெயிட் ஜாஸ்தி கொடுக்கணும். அப்ப நடுப்புள்ளி அவங்க பக்கம் நகரும். எல்லாருக்கும் சேத்து அலைச்சல் கம்மி ஆகும்.”

எனக்குப் பொறி தட்டியது. இதுதானே நியாயம்! உடனே இருவருக்கும் போன் செய்து, அம்மாவைப் பார்க்க எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறீர்கள் என்று கேட்டேன். அக்கா, “வாரா வாரம்” என்றாள். அண்ணன் கொஞ்சம் யோசித்து, “மாசம் ரெண்டு தடவை” என்றான். எனக்கு எவ்வளவு போடுவது? நானும் மாசம் இரண்டு என்று போட்டுக்கொண்டேன். போடும்போது கை கூசவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். தினம் தினம் போனில் பேசுகிறவனுக்குப் போய்ப் பார்க்காதது எப்படித் தெரியும்?

மேடம் அட்டவணையைப் பார்த்தார். “எல்லாம் ரவுண்டு நம்பரா இருக்கே. எங்கிருந்து எடுத்தீங்க?”

“கேட்டு எழுதினேன்.”

“இது டேட்டா இல்ல சார், ஆசை. எங்கயாவது ரெக்கார்டு இருக்கா?”

இருந்தது. ஆணியில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை கண்டோன்மென்டில் ரயில் ஏறினேன். மடியில் ஆபீஸ் மடிக்கணினி. அம்மா வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கை மட்டும் நோட்டை எடுத்தது.

“இன்னாடா, சொல்லாம கொள்ளாம? இன்னா வேலையா வந்த?”

“உன் நோட்டு வேணும்மா. டேட்டா எடுக்கணும்.”

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். வந்த நேரம் 10.40. காரணம்: டேட்டா. எழுதி முடித்து, பேனாவை மூடி, நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, “இட்லி கீது, தின்றியா?” என்று உள்ளே போனாள்.

மேசையில் உட்கார்ந்து போன ஒரு வருஷத்துப் பக்கங்களைப் புரட்டி ஒவ்வொரு வரியாக ஏற்றினேன். முதலில் ஜாலியாகத்தான் இருந்தது. அம்மாவின் பதிவு அவ்வளவு சுத்தம். ஸ்டோர்ஸில் என்னிடம்கூட இப்படி ஒரு ஒழுங்கு இருந்ததில்லை. பூனை வந்து போனதற்குக்கூட ஒரு வரி இருந்தது. காரணம்: மீன்.

அக்காவின் வரிகள்தான் எரிச்சலைக் கிளப்பின. வந்த நேரமும் போன நேரமும் சரியாக இருக்கின்றன. காரணம் என்ற கட்டத்தில் ‘சும்மா’. அடுத்த வாரமும் சும்மா. அதற்கடுத்ததும் சும்மா. “என்னம்மா இது, சும்மான்னு எழுதி வெச்சிருக்க? இத எந்த வகையில சேக்கறது?” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

“அது சும்மாதான்டா வந்துச்சி. வேற இன்னா எழுதறது?” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

முடித்துவிட்டு, பெயர்வாரியாக எண்ணச் சொன்னேன். அக்கா முப்பத்தொன்று. அண்ணன் பன்னிரண்டு. சிலிண்டர்காரர் ஐந்து. நான் நான்கு.

ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மறுபடி எண்ணச் சொன்னேன். நான்குதான். அதுவும் அன்றைக்கு வந்ததையும் சேர்த்து. என் வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன். ஒன்று, பழைய பள்ளிக்கூட சர்டிபிகேட் தேட. இன்னொன்று, பங்காருப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த வழியில். இருந்தது முப்பத்தைந்து நிமிஷம். மூன்றாவது, ஊறுகாய் ஜாடி எடுத்துக்கொண்டு போக. நான்காவது, டேட்டா. மழைக்காலத்துப் பக்கங்களுக்குப் போனேன். சிலிண்டர்காரரின் பெயருக்கு நேரே வந்த நேரம் 11.20, போன நேரம் 1.05. காரணம்: சிலிண்டர், கால். கீழே அக்கா, மாலை நான்கு மணிக்கு; அன்றிலிருந்து அடுத்த பத்து நாளில் ஐந்து முறை அக்கா. சனிக்கிழமை அண்ணனும் அண்ணியும். அந்த மாதம் முழுக்கப் புரட்டினேன். நான் இல்லை. அக்காதான் போய்விட்டாளே என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்துவிட்டேன் என்பதே எனக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது. இட்லித் தட்டை ஓரம் தள்ளி வைத்தேன்.

திரும்பி வரும் ரயிலில் ஒரு காரியம் செய்தேன். நான்கு என்பதை அழித்துவிட்டு பதினான்கு என்று அடித்தேன். முன்னால் ஒரே ஒரு இலக்கத்தைச் சேர்த்தால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? மறுபடி மையத்தைக் கேட்டேன். நான்கு போட்டபோது நடுப்புள்ளி எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அத்திபெலே போகிற வழியில் ஹுஸ்கூர் பக்கம் விழுந்திருந்தது. பதினான்குக்கு அது மூன்று கிலோமீட்டர்கூட நகரவில்லை. அக்காவின் முப்பத்தொன்று அத்தனை கனம். பொய் சொல்லியும் பிரயோஜனம் இல்லை என்றால் மனிதனுக்கு எவ்வளவு கோபம் வரும்! ஒயிட்ஃபீல்டு வரும்போது நான்கையே திரும்ப வைத்தேன். உடன் பயணித்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மவுஸுக்குப் பதில் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் கூடினோம். அம்மாவை அக்காவே போய்க் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நோட்டுக்கு அது முப்பத்திரண்டாவது வரி. அண்ணி காபி கொடுத்தாள். நான் மடிக்கணினியை டிவியில் இணைத்து, ஏதோ டெண்டர் எடுக்க வந்தவன் போல எழுந்து நின்று விளக்கினேன். ஏரியைக் காட்டினேன். சில்க் போர்டைக் காட்டினேன். இரண்டுக்கும் சிரித்தார்கள். கடைசியாக வெயிட் போட்ட வரைபடத்தைத் திறந்தேன். அட்டவணையை மூடி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மூடத் தெரியாமல் இல்லை, மூடவில்லை. முப்பத்தொன்று, பன்னிரண்டு, நான்கு என்று அண்ணன் வீட்டுப் பெரிய டிவியில் பளிச்சென்று நின்றது.

அண்ணன் தன் பன்னிரண்டைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டான். அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்ப முடிஞ்சிச்சி. ஹுஸ்கூர்னா எங்க பக்கந்தான். நாளைக்கே வூடு பாக்கறேன்.” அவள் குரலில் வெற்றி இருந்தது, அவள் சம்பாதித்த வெற்றி. நானும் சரி என்று தலையாட்டினேன்.

அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். “இந்த நம்பர் இன்னாடா?”

“யார் எத்தன தடவ வந்தாங்கன்னும்மா. உன் நோட்டுல இருந்து எடுத்ததுதான். அதிகமா வர்றவங்க பக்கம் உன் வூடு நகரும்.”

“தப்பா போட்டுக்கீற.”

எனக்கு ஒரு நொடி ஆர்க்டிக் கடல் ஞாபகம் வந்தது. “எண்ணிக்கை தப்பா? ரெண்டு தடவ பாத்தேனேம்மா.”

“எண்ணிக்க சரிதான். தலகீழா போட்டுக்கீற. உங்க அக்கா நான் எங்க கீறனோ அங்க வரும். கேஜிஎஃப்புக்கு வரல? அத்திபெலேல இருந்து ரெண்டு பஸ், ஒரு ரயில் மாறி வரல? நான் காசியில கீறன்னாலும் வரும். அது பக்கத்துல போய் நான் எதுக்குக் குந்தணும்? வராதவன் பக்கத்துல குந்துனாத்தான அவன் மூஞ்சியப் பாக்க முடியும்?”

அம்மா இதை அழுத்தியோ குத்திக் காட்டியோ சொல்லவில்லை. வார்டு வாசலில் நின்று, ‘நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்’ என்று ஆட்களைப் பிரித்து அனுப்புகிற அதே குரல். நான் கையில் ரிமோட்டோடு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. நாற்பத்திரண்டு வயதில், அண்ணன் வீட்டு வரவேற்பறையில், டிவிக்கு முன்னால் நின்று அழுதேன்.

அக்கா அழவில்லை, கொதித்தாள். “அப்ப நான் ஓடி ஓடி வந்ததுக்கு இதானா? வராதவனுக்குத்தான் அம்மாவா?”

“நீ கோச்சிக்கினு வராம இருந்துடுவியா?” என்று அம்மா கேட்டாள்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போய், அண்ணி கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிச் சாம்பாரைக் கிண்ட ஆரம்பித்தாள். சாப்பிடும்போது என் இலையில் மட்டும் அப்பளம் வைக்கவில்லை. கேட்டதற்கு, “நீ போய் உன் கம்ப்யூட்டர்ல தேடு” என்றாள். ஆனால் ஆஸ்டின் டவுனில் வீடு பார்க்க என்னோடு மூன்று நாள் அலைந்தவளும் அவள்தான். படி இல்லாத வீடு, வாசலில் நாற்காலி போட இடம் உள்ள வீடு என்று ஒற்றைக் காலில் நின்று பிடித்தாள்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். மேடம் வெயிட் கட்டத்தில், குறைவாக வருகிறவருக்குக் கனம் அதிகம் ஆகும்படி, ஒன்றை எண்ணிக்கையால் வகுத்து எழுதி, மையத்தைக் கேட்டார். புள்ளி சரசரவென்று வடக்கே ஏறி, ஆஸ்டின் டவுனுக்குப் பக்கமாகப் போய் நின்றது. “உங்க அம்மா கரெக்ட் சார். இப்படியும் ஒரு ஃபார்முலா இருக்கு” என்றார்.

அம்மா இப்போது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். தூரம் அளக்கும் கருவியில் இருநூற்று இருபது மீட்டர். வாசலில் அதே நாற்காலி, ஆணி, கயிறு. புது நோட்டு.

திருந்திவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதல் சில வாரங்கள் நான் போனதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கோடுதான். மாத்திரை கொடுக்க. கரண்ட் பில் கட்ட. குழாய்க்கு வாஷர் மாற்ற. ஒவ்வொரு முறையும் அம்மா வாசலிலேயே நிறுத்தி, என்ன வேலையாக வந்தாய் என்று கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டுதான் உள்ளே விட்டாள். அக்கா முன்போலவே வந்துகொண்டிருக்கிறாள். இப்போதும் என்னோடு ஒரு வம்பு இழுத்துவிட்டுத்தான் போவாள்.

போன வாரம் ஒரு நாள் ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தம் இந்தப் பக்கம். கால் அந்தப் பக்கம் போயிற்று. அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள்.

“இன்னாடா, காலங்காத்தால? இன்னா விஷயம்?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு விஷயமும் இல்லை. மாத்திரை இருந்தது, பில் கட்டியாயிற்று, குழாய் ஒழுகவில்லை. வார்டு வாசலில் பாஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டவன் போல நின்றேன்.

“ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எழுதினாள். நான் எட்டிப் பார்த்தேன். என் பெயர். வந்த நேரம் 8.15. காரணம்: சும்மா.

“உள்ள போ, காபி போடறேன்” என்றாள். அன்றைக்கு நான் ஆபீசுக்கு லேட்.